யூட்டா மாகாணமும் அதன் உப்பேரியும்

தேசப்படத்தை விரித்து, அமெரிக்க ஐக்கிய மாகாணங்களின் மேற்றிசைப் பகுதியை நோக்குவார்க்கு ஒரு வியப்புத் தோன்றும். அங்குள்ள மாகாணங்களின் எல்லைகள் ஆற்றையும் மலையையும் பின்பற்றி வளையாமல், அளவுகோல் கொண்டு கீறினாற்போல நேராக ஓடுகின்றன. யூட்டா என்னும் மாகாணமும் அத்தகையதே. வடகீழ் மூலையில் ஒரு துண்டு வெட்டி எடுக்கப்பட்ட கட்டம் போன்ற வடிவும், ஏறக்குறைய 84,900 சதுர மைல் விஸ்தீரணமும் உடையது அது. வடக்கே ஐடகோவும் வயோமிங்கும், கிழக்கே கொலராடோவும், தெற்கே அரிசோனாவும், மேற்கே நெவாடாவும் அதனைச் சூழ்ந்துள்ளன. தென்கீழ் மூலையில் நியூ மெக்சிகோ ஒரு புள்ளியில் வந்து தொடுகின்றது. 2020-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அங்கு வாழ்வோர் 32,71,616 பேர்.

இத்துணைப் பரந்த நிலத்தில் ஜனங்கள் எங்கும் பரவி வாழ்கின்றனரோ எனின், இல்லை. அவருள் மிகப் பெரும்பாலார், வாசாச் என்னும் மலைத்தொடரின் மேற்கடிவாரத்தில், வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் ஒடுங்கிய நிலத்தில் நெருங்கி வாழ்கின்றனர். தலைநகராகிய சால்ட் லேக் நகரமும் அங்கேதான் உள்ளது. அவ்வாறு நெருங்கியதற்குக் காரணம் நீர் ஒன்றே. ஐக்கிய மாகாணங்கள் ஐம்பதனுள் நெவாடாவுக்கு அடுத்தபடியாக வறட்சி மிக்கது யூட்டாவே. ஆண்டொன்றுக்குச் சராசரி 13 அங்குல அளவே அங்கு மழையும் பனியும் பெய்கின்றன. அவற்றுள்ளும் மலைமுடிகளிற் பனிக்காலத்தில் விழுந்து உறைவதே மக்களுக்குப் பயன்படுவது. யூயின்டா மலைகளில் 13,528 அடி உயர்ந்த கிங்ஸ் சிகரம் முதலியவற்றில் குவிந்த பனி, இளவேனிற் காலத்தில் உருகிப் பள்ளத்தாக்குகளின் வழியே இறங்கும். அது இறங்குமிடத்தில் ஊர் உண்டு. இறங்காவிடத்தில் பாலை உண்டு. யூட்டாவைப் பற்றி அறியத்தக்கன பலவாயினும், அம்மாகாணத்தின் சரித்திரம், சின்னம், அழகு, அச்சம் ஆகிய யாவும் இந்த ஒன்றையே சுற்றி நிற்கின்றன.

மாகாணத்தின் வடமேற்கில் பெரிய உப்பேரி இருக்கின்றது. சராசரி அளவில் நிற்கும்போது 75 மைல் நீளமும் 28 மைல் அகலமும், ஏறக்குறைய 1,700 சதுர மைல் பரப்பும் உடையது. இத்துணைப் பெரிதாயினும் அதன் ஆழமோ மிகுந்த இடத்திலும் 33 அடியளவே. கடலுக்குச் செல்லும் போக்கு அதற்கு இல்லை. பேர், வீபர், யோர்தான் என்னும் மூன்று நதிகள் அதில் வந்து விழுகின்றன. விழுந்த நீர் வெயிலால் ஆவியாகிப் போவதன்றி வேறு வழியில்லாமையின், நதிகள் கொணர்ந்த உப்பு மட்டும் அங்கே தங்கிவிடுகின்றது. பேர் நதியின் போக்கு விநோதமானது. யூயின்டா மலையிற் பிறந்து, வயோமிங்கிலும் ஐடகோவிலும் சுற்றி, ஐந்நூறு மைல் அலைந்து, கடைசியில் தான் பிறந்த இடத்திலிருந்து நூறு மைலுக்குள்ளேயே ஏரியில் முடிகின்றது.

இவ்வேரி ஒரு பேரேரியின் எச்சம். பூமியில் பனியுகம் நிலவிய காலத்தில் இப்பகுதியில் 20,000 சதுர மைலளவு பரந்து, ஆயிரம் அடிக்கு மேற்பட்ட ஆழமுடைய நன்னீரேரி ஒன்று இருந்தது. ஏறத்தாழ 18,000 ஆண்டுகளுக்கு முன் அது ஐடகோவிலுள்ள ஒரு கணவாயை உடைத்துக்கொண்டு வெள்ளமாய் வடக்கே பாய்ந்தது. எஞ்சிய நீர் பின்னர்க் காலநிலை வறண்டமையாற் சுருங்கிற்று. நிலநூல் வல்லுநராகிய கில்பர்ட் என்பார் அதற்குப் பானவில் ஏரி என்று பெயரிட்டு, 1890-இல் அதைப்பற்றிப் பெருநூல் ஒன்று வெளியிட்டார். அப்பழைய ஏரியின் அலைகள் அரித்த கரைகள் இன்றும் வாசாச் மலைச்சரிவில் படிப்படியாகக் காணப்படுகின்றன. நகர மாந்தர் அப்படிகளின் மேல் வீடு கட்டிக்கொண்டு, ஏரி நின்ற இடத்தை மேலிருந்து பார்க்கின்றனர்.

யோர்தான் என்ற பெயரைக் கண்டு வேதாகமம் பயின்றோர் வியக்கலாம். அது தற்செயலாய் அமைந்ததன்று. பாலஸ்தீன தேசத்தில் கலிலேயாவின் நன்னீர்க் கடலினின்று புறப்பட்ட யோர்தான் நதி உப்புக்கடலில் விழுவதுபோல, இங்கும் யூட்டா ஏரி என்னும் நன்னீரேரியிலிருந்து புறப்படும் ஆறொன்று உப்பேரியில் விழுவதைக் கண்டு, குடியேறினோர் அப்பெயரை இட்டனர். அந்த யோர்தான் தெற்கு நோக்கி ஓட, இந்த யோர்தான் வடக்கு நோக்கி ஓடுகின்றது என்பதே வேற்றுமை.

பெயரிட்டோர் யாவரெனின், பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசுகிறிஸ்து சபை என்று தம்மை அழைத்துக்கொள்ளும் மார்மன் கூட்டத்தார். அச்சபையை 1830-இல் நியூயார்க் மாகாணத்தில் ஜோசப் ஸ்மித் என்பார் தோற்றுவித்தார். அவர்தம் கோட்பாடுகளை ஆராய்வது ஈண்டு நமது கருத்தன்று. அயலார் பகைமையால் அவர்கள் ஊர் ஊராகத் துரத்தப்பட்டனர். 1844 ஜூன் மாதத்தில் இல்லினாய் மாகாணத்துச் சிறையொன்றில் இருந்த ஸ்மித்தைக் கலகக் கூட்டத்தார் சுட்டுக் கொன்றனர். பின்னர்த் தலைமை ஏற்ற பிரிகம் யங், எவரும் விரும்பாத நிலமே தமக்குப் பாதுகாவலாகும் எனத் துணிந்து, தம்மவரை மேற்கே அழைத்துச் சென்றார். 1847 ஜூலை 24-ஆம் நாள் அவர் உப்பேரிப் பள்ளத்தாக்கை அடைந்தார். அந்நாள் இன்றும் அம்மாகாணத்தில் விடுமுறைத் திருநாளாகும்.

அவருக்கு முன்னே சென்ற படியினர் அதற்கு முந்தின நாளே வேலை தொடங்கிவிட்டனர். நிலம் காய்ந்து இறுகிக் கிடந்தமையால் கலப்பைகள் முறிந்தன. உடனே மலையினின்று வரும் சிற்றோடை ஒன்றைக் குறுக்கே அடைத்து, நீரை நிலத்திற் பாய்ச்சி, மண் இளகியபின் உழுது உருளைக்கிழங்கு நட்டனர். மழையை எதிர்பார்த்துப் பயிரிடும் கீழ்த்திசை வழக்கம் இங்கே செல்லாது என்பதை ஒரே நாளில் உணர்ந்துகொண்ட அவர்தம் புத்திக்கூர்மை பாராட்டத்தக்கது. பள்ளத்தாக்கில் இழிந்துவரும் ஓடைகள் தனி ஒருவர்க்கு உரியன ஆகா, யாவர்க்கும் பொது என்று யங் விதித்தார். ஊரார் கூடி வாய்க்கால் வெட்டினர். வெட்டியவர் உழைப்புக்கு ஏற்ப நீர்ப்பங்கு பெற்றனர். முறை தவறாது நீர் விடுதற்கென ஒருவரை ஊரே நியமித்தது. இம்முறையால் இருபது முப்பது ஆண்டுகளுக்குள் மலையடிவாரம் முழுவதும் பசுமையாயிற்று.

ஆயின், அந்நிலம் ஆளற்றுக் கிடந்தது என எண்ணுதல் பொருந்தாது. யூட், ஷோஷோனி, பாயூட், கோஷூட், நாவஹோ என்னும் பூர்வகுடிகள் பல நூற்றாண்டுகளாக அங்கு வாழ்ந்திருந்தனர். மாகாணத்தின் பெயரே யூட் மக்களின் பெயரினின்று வந்தது. 1776-இல் ஸ்பானியப் பாதிரிமாரான தொமிங்கெசும் எஸ்கலாந்தேயும் யூட்டா ஏரிவரை வந்தபோது, வடக்கே உவர்நீர் ஏரி ஒன்று உண்டென்று அவர்க்குச் சொன்னவர்கள் இம்மக்களே. புதிதாய் வந்தோர் ஓடைகளைத் திருப்பியதும், கால்நடைகளைப் புல்வெளிகளில் விட்டதும், இவர்கள் உண்டு வந்த விதைகளும் வேட்டையும் குறைந்தன. 1863 ஜனவரி 29-ஆம் நாள், யூட்டா எல்லைக்கு வடக்கே, பேர் நதிக்கரையில் தங்கியிருந்த ஷோஷோனி மக்களை அமெரிக்கப் படையினர் விடியற்காலையில் தாக்கி, பெண்டிரும் பிள்ளைகளுமாக நூற்றுக்கணக்கானோரைக் கொன்றனர். நெடுங்காலம் அது போர் என்றே கற்பிக்கப்பட்டது. இப்போது படுகொலை என்றே வழங்குகின்றது. அந்த இடத்தைப் பற்றிப் பின்னும் சொல்ல வேண்டியிருக்கின்றது.

இனி, மாகாணத்தின் சின்னங்களைக் காண்போம். அமெரிக்க மாகாணங்கள் ஒவ்வொன்றும் தனக்கென மலர், பறவை, மரம், கொடி முதலியன வகுத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. அவற்றுட் பல வெறும் அலங்காரம். யூட்டாவின் சின்னங்களிலோ பசியின் நினைவு கலந்திருக்கின்றது.

தலையாய சின்னம் தேன்கூடு. குடியேறினோர் 1849-இல் தமது நாட்டுக்கு டெசரெட் என்று பெயரிட விரும்பினர். அச்சொல் அவர்களுடைய மார்மன் நூலில் தேனீயைக் குறிப்பது. ஐக்கிய மாகாணங்களின் அரசாங்கம் அப்பெயரை ஏற்காமல் 1850-இல் யூட்டா என்றே பெயரிட்டது. பெயர் போயினும் கூடு போகவில்லை. உழைப்பு என்னும் ஒரே சொல்லை விருதுவாக்காகக் கொண்டு, முத்திரையிலும், நெடுஞ்சாலைப் பலகையிலும், 2024 மார்ச்சில் வழக்கிற்கு வந்த புதுக்கொடியின் நடுவிலும் அது விளங்குகின்றது.

மாகாண மலர் சீகோ லீலி. மூன்று வெள்ளிதழ் கொண்ட இச்சிறு பூ வறண்ட சரிவுகளில் மலரும். மண்ணுக்குள் அதன் கிழங்கு பாதாம் பருப்பினும் சிறிது பெரிதாயிருக்கும். ஆரம்ப ஆண்டுகளில் தானியம் தீர்ந்தபோது, பூர்வகுடிகள் காட்டிய வழியிலே குடியேறினோர் அக்கிழங்கைத் தோண்டி உண்டு உயிர் தாங்கினர். அதன் நினைவாகவே 1911-இல் அது மாகாண மலராயிற்று.

மாகாணப் பறவையாகிய கடற்காகத்தின் கதை இதனினும் பெரிது. கடலுக்கு அறுநூறு மைல் அப்பாலுள்ள நாட்டில் கடற்காகம் ஏது என்று கேட்கலாம். உப்பேரித் தீவுகளில் அவை ஆயிரக்கணக்கில் கூடு கட்டுகின்றன. 1848-இன் இளவேனிலில், முதல் விளைச்சல் தலையெடுக்கும் வேளையில், வெட்டுக்கிளியை ஒத்த பெருத்த பூச்சிகள் மலையிலிருந்து கூட்டங் கூட்டமாக இறங்கிப் பயிரைத் தின்னத் தொடங்கின. மக்கள் தடியாலும் நெருப்பாலும் நீராலும் போராடிச் சலித்தனர். அப்போது ஏரிப்புறத்திலிருந்து கடற்காகங்கள் திரளாக வந்து அப்பூச்சிகளை விழுங்கின. வயிறு நிரம்பியதும் உமிழ்ந்துவிட்டு மீண்டும் விழுங்கின. இதனைத் தெய்வச் செயலென்று கொண்டாடி, 1913-இல் சால்ட் லேக் நகரத்துக் கோயில் வளாகத்தில் அப்பறவைகளுக்கு ஒரு தூண் நாட்டினர். பிற்காலச் சரித்திரக்காரர் இக்கதையைச் சற்று நிதானித்தே நோக்குகின்றனர். அக்காலத்து நாட்குறிப்புக்களில் இச்செய்தி அவ்வளவு பெரிதாக எழுதப்படவில்லை யென்பதும், உறைபனியாலும் வறட்சியாலும் அவ்வாண்டுப் பயிர் ஓரளவு கெட்டே போயிற்றென்பதும், சீரணியாத ஓட்டை உமிழ்வது அப்பறவைகளின் இயல்பே யென்பதும் அவர் கூற்று. எவ்வாறாயினும், பசித்திருந்த ஒரு கூட்டத்தார் வானத்தைப் பார்த்தபோது பறவைகள் வந்தன என்பது மெய். அவை வந்தது அந்த உப்பேரியினின்றே என்பதும் மெய்.

யூட்டா மாகாண உரிமை பெறுவதற்கு நெடுங்காலம் சென்றது. மார்மன் சபையார் பலதார மணத்தை அனுசரித்ததே பெருந்தடை. 1890-இல் சபைத்தலைவர் வில்பர்டு உட்ரஃப் அவ்வழக்கத்தைக் கைவிடும்படி அறிக்கை விடுத்தபின், 1896 ஜனவரி 4-ஆம் நாள் யூட்டா 45-ஆவது மாகாணமாயிற்று. இவ்விஷயத்தில் ஒரு விந்தை உண்டு. யூட்டாப் பெண்கள் 1870-லேயே வாக்குரிமை பெற்றனர். அவ்வுரிமை பெற்றால் அவர்களே பலதார மணத்தை எதிர்த்து வாக்களிப்பர் எனக் கீழ்த்திசையார் சிலர் எதிர்பார்த்தனர்; அவ்வாறு நிகழாமற்போகவே 1887-இல் மத்திய அரசாங்கச் சட்டம் அவ்வுரிமையைப் பறித்தது. மாகாணமானபோது அது திரும்பக் கிடைத்தது. அதே ஆண்டு நடந்த தேர்தலில் மார்த்தா ஹியூஸ் கேனன் என்ற பெண் வைத்தியர், அமெரிக்காவிலே மாகாண மேற்சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதற்பெண்மணி ஆனார். அவருக்கு எதிர்க்கட்சியில் நின்று தோற்றவர்களுள் அவருடைய கணவரும் ஒருவர்! 2024 டிசம்பரில் அவருடைய உருவச்சிலை வாஷிங்டன் நகரத்துச் சட்டசபை மாளிகையில் நிறுவப்பட்டது. அதற்கு இடந்தந்து விலகியது, யூட்டாவிற் பிறந்து தொலைக்காட்சிக் கருவியை ஆக்கிய பைலோ ஃபார்ன்ஸ்வொர்த்தின் சிலை.

பிரயாணிகள் யூட்டாவை நாடிச் செல்வது பெரும்பாலும் அதன் தென்பகுதியைக் காணவே. சீயோன், பிரைஸ் கேன்யன், ஆர்ச்சஸ், கேன்யன்லாண்ட்ஸ், கேபிடல் ரீஃப் என ஐந்து தேசீய வனங்கள் அங்குள்ளன. 1919-இல் நிறுவப்பட்ட சீயோனே அவற்றுள் முந்தியது. வர்ஜின் என்னும் சிற்றாறு செம்மணற்பாறையை ஈராயிரம் அடிக்கு மேல் அறுத்துக் கீழே ஓடுகின்றது. சில இடங்களில் இருபுறமும் கைந்நீட்டினால் தொடலாம்போலும் என எண்ணுமாறு சுவர்கள் நெருங்கி நிற்க, பிரயாணிகள் ஆற்றுக்குள்ளேயே இறங்கி நடந்து செல்கின்றனர். பாறை கடினமாயிருக்க, நீரோ சிறிதாயிருக்க, இவ்வளவு ஆழம் எப்படி நேர்ந்ததென்பார்க்கு, அந்நாட்டில் மழை அரிதாகப் பெய்யினும் பெய்யும்போது ஒருங்கே பெய்து, பற்றிக்கொள்ள மரமோ புல்லோ இல்லாமையால், மணலையும் கல்லையும் அரம்போல வாரிக்கொண்டு பாய்கின்றது என்பதே விடை.

பிரைஸ் கேன்யனில் வேலை செய்வது வெள்ளமன்று, பனிக்கட்டி. எண்ணாயிரம் அடிக்கு மேற்பட்ட மேட்டுநிலத்தின் விளிம்பில், செந்நிறமும் மஞ்சளும் வெண்மையுமான ஆயிரக்கணக்கான கற்றூண்கள் சேனைபோல நிற்கின்றன. ஆண்டில் ஏறக்குறைய இருநூறு நாள் அங்கே பகலில் பனி உருகி, இரவில் உறைகின்றது. பாறைப் பிளவினுட் புகுந்த நீர் உறையும்போது பெருத்துப் பிளவை நெம்புகின்றது. மறுநாள் உருகி இன்னும் ஆழச் செல்கின்றது. இவ்வாறு மதிலாக நின்ற பாறையில் சாளரம் திறந்து, சாளரத்தின் மேற்பாகம் விழுந்து, இருபுறமும் தூண்கள் எஞ்சுகின்றன. அத்தூண்களும் நிலையல்ல. ஆர்ச்சஸ் வனத்திலுள்ள ஈராயிரத்துக்கு மேற்பட்ட கல்வளைவுகளும் இவ்விதமே ஆகி அழிந்துகொண்டிருப்பன. அவற்றுள் 52 அடி உயர்ந்து தனித்து நிற்கும் வளைவொன்று யூட்டாவின் வண்டிப் பலகைகள் பலவற்றில் பொறிக்கப்பட்டுள்ளது. மற்ற மூன்று சின்னங்களும் பசியைச் சொல்ல, இது மட்டும் பிரயாணிகளை அழைப்பதற்கென்றே அமைந்ததுபோலும்.

மாகாணத்தின் நடுப்பகுதியில் பிஷ்லேக் காட்டிலுள்ள ஓர் அதிசயத்தைச் சொல்லாமற் செல்லுதல் ஆகாது. ஆஸ்பென் என்னும் மரம் 2014 முதல் மாகாண மரம். சிறு காற்றிலும் அதன் இலை நடுங்கும். இம்மரம் வேரிலிருந்தே புதுத்தண்டு விடும் இயல்புடையது. பிஷ்லேக் காட்டில் 106 ஏக்கர் பரப்பில் நிற்கும் ஏறக்குறைய 47,000 மரங்களும் ஒரே வேரினின்று எழுந்த ஒரே மரம் எனத் தாவர நூலார் கண்டனர். பாண்டோ என்பது அதன் பெயர். பரவுகின்றேன் என்று பொருள்படும் லத்தீன் சொல். இப்போது அது பரவுவது நின்றுவிட்டது. மான்கள் இளந்தளிரைக் கடித்துவிடுவதால் முதுமரங்களுக்கு வாரிசில்லை. வேலியடைத்துக் காத்த பாகங்களில் மட்டும் குருத்துக்கள் மேலெழுகின்றன.

மீண்டும் வடக்கே, உப்பேரிக்குச் செல்வோம். ஏரியின் வடபுறத்திலுள்ள பிராமண்டரி மேட்டில், 1869 மே 10-ஆம் நாள், கிழக்கினின்று 1,086 மைலும், மேற்கினின்று 690 மைலும் அமைத்துக்கொண்டு வந்த இருவேறு கம்பெனியாரின் இருப்புப்பாதைகள் ஒன்றோடொன்று பொருந்தின. கடைசி ஆணி பொன்னாற் செய்யப்பட்டது. அதை அடிக்கும் பாவனை செய்தவர் கம்பெனித் தலைவர். மேற்குப் பாதைக்கு மலைகளைக் குடைந்தவரோ ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளர். 1904-இல் ஏரியின் குறுக்கே மரப்பாலம் கட்டி வழியைச் சுருக்கினர். 1959-இல் அம்மரப்பாலத்துக்குப் பதிலாகக் கல்லும் மண்ணும் கொட்டிக் கரை எழுப்பியதும், ஒரே ஏரி இரண்டாயிற்று. மூன்று நதிகளும் தென்பாகத்திலேயே விழுகின்றமையால் வடபாகம் உப்பு முற்றிச் செறிந்தது. அவ்வுப்பில் வாழவல்ல நுண்ணுயிர்களின் நிறத்தால் அதன் நீர் இளஞ்சிவப்பாகத் தோன்றுகின்றது. ஆகாய விமானத்திலிருந்து நோக்கினால் ஒரு கோட்டுக்கு இப்புறம் நீலமும் அப்புறம் செம்மையுமாகக் காணலாம்.

அவ்வடபாகத்தின் கரையில் ராபர்ட் ஸ்மித்சன் என்னும் சிற்பி 1970-இல் கருங்கற்களைக் கொண்டு 1,500 அடி நீளத்தில் சுருள்வடிவான ஓர் அணையை நீருக்குள் அமைத்தார். இரண்டொரு ஆண்டில் ஏரி பெருகி அதனை மூடிற்று. முப்பதாண்டு மூழ்கிக் கிடந்த அச்சுருள் 2002-ஆம் ஆண்டளவில் உப்புப் படிந்து வெண்மையாக வெளிப்பட்டது. நீர்விளிம்போ அதன்பின் வெகுதூரம் விலகிப் போயிற்று.

ஏரியில் மீன் வாழாது. தென்பாகத்தில் இரண்டே சிற்றுயிர்கள் செழிக்கின்றன: அரை அங்குலமும் இல்லாத உப்புநீர் இறால் ஒன்று, உப்புநீர் ஈ மற்றொன்று. இவற்றை உண்டு ஆண்டுதோறும் ஒரு கோடியளவு பறவைகள் ஜீவிக்கின்றன. வடக்கே இனப்பெருக்கம் முடித்துத் தென்னமெரிக்காவுக்குப் பறந்து செல்லும் சிறு நீர்ப்பறவைகள் இங்கே தங்கி, உடல் எடையைப் பெருக்கிக்கொண்டு பெரும்பயணம் தொடங்குகின்றன. இறாலின் முட்டைகள் காய்ந்தாலும் கெடாமல், உவர்நீர் பட்டதும் பொரிக்கும் தன்மையுடையன. ஆதலின் பனிக்காலத்தில் அவற்றைத் திரட்டி, உலகெங்குமுள்ள இறால், மீன் வளர்ப்போர்க்கு அனுப்புகின்றனர். நமது கீழைக்கடற்கரையிலுள்ள இறால் குஞ்சு பொரிப்பகங்களும் இவ்வினத்து முட்டைகளையே குஞ்சுகளுக்கு முதலுணவாக ஊட்டுகின்றன. 2023-இல் பள்ளி மாணவர்கள் வேண்டிக்கொண்டதன்பேரில் சட்டசபையார் இவ்விறாலையும் மாகாணச் சின்னங்களுள் ஒன்றாக்கினர். அது கேட்டு நகைத்தோர் உண்டு. எனினும் அம்மாணவர்கள் வேண்டிய காலம் ஏரிக்குப் பொல்லாத காலம்.

ஒரு தலைமுறைக்கு முன் அச்சம் வேறு வகையாக இருந்தது. 1983-இல் பெரும்பனி ஒருங்கே உருகி, தலைநகரின் பெருந்தெருவொன்றை மணல்மூட்டைகளால் கரைகட்டி ஆறாக்கி, மேலே மரப்பாலங்கள் இடவேண்டியதாயிற்று. 1986, 1987 ஆண்டுகளில் ஏரிமட்டம் கடல்மட்டத்திற்கு மேல் 4,211 அடியைக் கடந்து சாலைகளையும் உப்பளங்களையும் அழித்தது. ஆறு கோடி டாலர் செலவில் பெரும் பொறிகளை நிறுவி, ஏரிநீரை இறைத்து மேற்குப் பாலைவனத்தில் விட்டனர். இரண்டாண்டு இறைத்தபின் ஏரி தானே இறங்கத் தொடங்கிற்று. 2022 நவம்பரில் அது 4,188 அடி 6 அங்குலத்துக்குத் தாழ்ந்தது. அளவெடுக்கத் தொடங்கிய நாள்முதல் இவ்வளவு குறைந்ததில்லை. பரப்பும் ஆயிரம் சதுர மைலுக்குக் கீழாயிற்று. ஆழமற்ற தட்டில் ஒரு விரற்கடை நீர் வற்றினும் நெடுந்தூரம் தரை வெளிப்படுமன்றோ!

வறட்சியும் வெப்பமிகுதியும் காரணங்களாயினும், முதற்காரணம் வாய்க்காலே. 1847-இல் முதலோடையை அடைத்த கை இன்னும் ஓயவில்லை. நதிகள் ஏரியை அடையுமுன் திருப்பப்படாதிருந்தால் ஏரிமட்டம் பதினோரடி உயர்ந்திருக்கும் என 2017-இல் ஆராய்ச்சியாளர் கணக்கிட்டனர். திருப்பிய நீரில் பெரும்பங்கு குதிரைமசால் முதலிய தீவனப் பயிர்களுக்குச் செல்கின்றது. எஞ்சியது நகரத்துப் புல்தரைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் ஆகின்றது. குடியானவரை மட்டும் பழிப்பது நியாயமாகாது, ஏனெனில் சட்டமே அவர்களை அவ்வாறு செய்யத் தூண்டிற்று. யங் வகுத்த பொதுமை முறை நாளடைவில் மறைந்து, முந்தி எடுத்தவர்க்கே முதலுரிமை என்ற விதி நிலைபெற்றது. எடுத்த நீரைப் பயன்படுத்தாது விட்டால் உரிமை போய்விடும். ஆதலின் ஆற்றிலே நீரை விடும் குடியானவர் நஷ்டமடைவார். யாருடைய பத்திரத்திலும் பெயரில்லாத ஏரிக்குக் கடைசி இடமும் இல்லை.

நீர் வற்றியதன் விளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. தென்பாகத்து உப்பு நூற்றுக்குப் பத்தொன்பது பங்கு வரை ஏறி, ஈக்கள் குறைந்தன. தீவுகள் கரையோடு ஒட்டின. கன்னிசன் தீவில் ஆயிரக்கணக்கில் கூடு கட்டிவந்த வெண்கூழைக்கடாக்கள், நிலவழியாக வந்த ஓநாயினத்து விலங்குகளுக்கு அஞ்சி 2023-இல் அத்தீவைக் கைவிட்டன. வெளிப்பட்ட ஏரிப்படுகையின் வண்டலில் ஆர்செனிக் முதலிய நச்சுப்பொருள்கள் உள்ளன. காற்றடித்தால் அது தூசியாக எழுந்து, கிழக்கேயுள்ள நகரங்களில், மிகப் பெரும்பாலான மக்கள் மூச்சுவிடும் இடத்திலேயே வீழ்கின்றது.

2022-இல் சட்டசபையார் விழித்துக்கொண்டனர். குடியானவர் தமது நீரை ஏரிக்கெனக் குத்தகைக்கு விட்டாலும் அது பயன்படுத்தியதாகவே கருதப்படும் எனச் சட்டம் திருத்தினர். நான்கு கோடி டாலர் ஒதுக்கி நீர் வாங்குதற்கு ஒரு தர்மநிதியும் ஏற்படுத்தினர். 2023-இன் பெரும்பனியால் ஏரி ஏறத்தாழ ஐந்தடி உயர்ந்தது. அதன்பின் வந்த கோடைகளில் மீண்டும் தாழ்ந்தது. ஏரி நலமாயிருக்கத் தக்க மட்டமென ஆராய்ச்சியாளர் குறித்த 4,198 அடியை அவ்வுயர்வும் எட்டவில்லை. 2002-இல் தலைநகரில் நடந்த பனிக்கால ஒலிம்பிக் பந்தயங்கள் 2034-இல் மறுபடியும் அங்கு நடைபெறவிருக்கின்றன. அதற்குள் ஏரியை நிரப்பவேண்டும் என்பது அந்நாட்டார் பலரின் வேண்டுகோள்.

முன்னே குறிப்பிட்ட பேர் நதிக்கரைப் படுகொலை நிகழ்ந்த இடத்தை 2018-இல் வடமேற்கு ஷோஷோனி மக்கள் விலைகொடுத்து வாங்கினர். ஏறக்குறைய 550 ஏக்கர் நிலம். அயல்நாட்டிலிருந்து வந்து கரையெங்கும் அடர்ந்து நீரை உறிஞ்சும் ரஷ்ய ஆலிவ் மரங்களை வெட்டி அகற்றி, அங்கே முன்பு வளர்ந்த வில்லோ முதலிய நாட்டு மரங்களை அம்மக்களும் தொண்டர்களும் சேர்ந்து நட்டுவருகின்றனர். அதனால் மிச்சப்படும் நீர், பேர் நதி வழியே தெற்கே ஓடி, உப்பேரியிற் சேரும்.